நான்காம் எண் மெஷினில் யாரும் இல்லை

முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி தன் பணிக்கால நினைவுகளை எழுதுகிறாள் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆனால் எழுதச் சொன்னதும் அவர்கள்தான். கடைகளுக்கு நாங்கள் போட்டுக்கொடுத்த பழைய சரக்கு மென்பொருளுக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. அதில் கோளாறு வந்தால் சரிசெய்யும் பிரிவையும் மூடுகிறார்கள். அந்தப் பிரிவில் கடைசியாக மிஞ்சியவள் நான். ஆகவே என் மென்பொருளோடு சேர்த்து எனக்கும் ஓய்வு.

"அக்கா, ரெக்கார்ட் லாக் ரெக்கார்ட் லாக்னு சொல்றீங்களே, அதுக்குன்னு ஒரு ஆள் வேலைக்கு இருந்தாங்களா?" என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். இருந்தோம். மூன்று பேர் இருந்தோம்.

என் ஊர் கனகசெட்டிக்குளம். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். கட்டைவிரலில் மை தடவாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் கழுத்து தானாக நிமிரும். அதை மறைக்க மாட்டேன். இந்தக் கதை நடந்ததற்கு அந்தக் கழுத்தும் ஒரு காரணம்.

அந்த லாக், அதாவது பூட்டு, என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் ஐந்து கணினிகள் ஒரே சரக்குப் பட்டியலைப் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு வரியைத் திருத்துவதற்குத் திறந்தால், அவர் முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் இருவரில் ஒருவர் அடித்தது காணாமல் போகும். அதனால் மென்பொருள் அந்த வரியைப் பூட்டி, எந்தப் பெயரில், எந்த மெஷினில், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று ஒரு சின்னக் கோப்பில் குறித்துவைக்கும். வேலை முடிந்து வெளியே வந்தால் குறிப்பு தானாக அழியும். கரண்ட் போனாலோ, ஆள் திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனாலோ அழியாது. பூட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். மற்ற நான்கு பேருக்கும் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிவப்புப் பெட்டி வரும்.

பாண்டிச்சேரியில் ஆட்கள் திரையை அப்படியே விட்டுவிட்டுப் போவதற்கென்றே ஒரு நேரம் உண்டு. மத்தியானம் ஒரு மணிக்கு இறங்குகிற ஷட்டர் நாலு மணிக்குத்தான் ஏறும். சோறு, தூக்கம், காப்பி. ஒரு மணி அடித்தால் பாதி அடித்த வரியைப் பாதியிலேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டுவார்கள். கேட்டால், "எங்க ஓடிடப் போவுது, நாலு மணிக்கு வந்து முடிச்சிக்கறேன்" என்பார்கள். ஆகவே ஒன்றிலிருந்து நாலு வரைதான் எங்களுக்கு வேலை. தொங்கும் பூட்டுகளை நீக்குவோம். அழிக்கப்பட்ட வரிகளைக் களைந்து பட்டியலைச் சுத்தம் செய்வோம். மோடம் வைத்த கடையென்றால் அலுவலகத்திலிருந்தே டெலிபோன் வழியாகச் செய்துவிடலாம்.

இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. எங்கள் மென்பொருள் ஒவ்வொரு சரக்கையும் பெயரால் அல்ல, அது எத்தனையாவது வரி என்பதால்தான் நினைவில் வைத்திருக்கும். சுத்தம் செய்யும்போது அழிந்த வரிகள் நீங்கி, கீழே உள்ளவை மேலே ஏறிவிடும். அந்த நேரத்தில் யாராவது உள்ளே இருந்து எதையாவது அடித்துச் சேமித்தால், அது வேறொரு சரக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்யாமல் பூட்டில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி.

விதியைப் போட்டவர் அருள்நாதன் சார், பிரிவின் தலைவர். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில் இருந்தார்கள். பேச்சில் அங்கங்கே பிரெஞ்சு விழும். என்னை 'மத்மசேல்', அதாவது மிஸ், என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் எழுதும் வேலை அறிக்கையை 'ரப்போர்' என்பார். போன் வந்தால் உட்கார்ந்து பேச மாட்டார். எழுந்து நின்று, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எதிர்முனை ஆளை ஒரு வார்த்தைகூட அலங்காரமாகப் பேச விடாமல் கேள்வி கேட்பார்.

"சார், மாட்டிக்கிச்சி சார்."

"மீன்தான்யா மாட்டும். இல்ல, மத்மசேல்?" என்று என் பக்கம் ஒரு பார்வை. பிறகு போனில்: "பேசறது யாரு? எந்த மெஷின்? ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்கு, எழுத்து எழுத்தா படி."

"எனக்கு இங்கிலீஷ் வராது சார்."

"எழுத்து வரும்ல? எழுத்த படி. இங்கிலீஷ நான் பாத்துக்கறேன்."

ரப்போரில் நான்கு கட்டங்கள். புகார், பார்த்தது, செய்தது, காரணம். முதல் மூன்றையும் வேகமாகப் புரட்டிவிட்டு நாலாவது கட்டத்தில் விரலை வைத்து நிற்பார். 'காரணம்' என்ற இடத்தில் எங்கள் தவறு என்று எழுதப்பட்டவை மாதக் கடைசியில் அவரவர் பெயருக்கு எதிரே சுவரில் ஏறும். ஒரு வருஷத்துக்கு மேலாக என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இந்த விஷயம் தெரியும். அம்மா சொல்லி மீன் கடை வரிசை முழுக்கத் தெரியும்.

இனி பூங்காவனம். நகரத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடை எங்கள் வாடிக்கை. அங்கே பெட்டி கட்டும் வேலைக்கு இருந்தார் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். எட்டாவது வரை படித்தவர். புருஷன் விட்டுவிட்டுப் போய், ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு வில்லியனூர்ப் பக்கம் இருந்தார். நான் கடைக்கு நேரில் போகும்போதெல்லாம் கையில் நூலோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

"மேடம், இந்த அம்புக்குறிய அழுத்தனா அழிஞ்சிடுமா?"

"அழியாது அக்கா. கீழ் வரிக்குப் போகும், அவ்ளோதான்."

"நான் ஒரு வாட்டி அழுத்தட்டா?"

அழுத்தினார். ஒரு வரி இறங்கியது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, திரை மறுபடி எங்கேயாவது நகர்ந்துவிடுமோ என்பதுபோலப் பார்த்தார். "படா வேலையா இருக்கே!" என்றார். கவுண்டரில் கணினி பார்த்த சேகர் சிரித்தான்.

ஆறு மாதத்தில் அவர் சேகரைவிட வேகமாக அடிக்க ஆரம்பித்திருந்தார். சேகருக்கு அது வசதி. மருந்துகளின் காலாவதித் தேதியை அடிக்கிற அலுப்பான வேலையை, தன் பாஸ்வேர்டைக் கொடுத்து அவரிடம் தள்ளிவிட்டான். முதலாளியும் அதைக் கண்டுகொண்டார். தேதிகள் முழுவதையும் பிழையில்லாமல் அடித்து முடித்தால் பெட்டி கட்டுவதிலிருந்து எடுத்து நாலாம் மெஷினில் உட்காரவைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். பூங்காவனம் அதை என்னிடம் சொன்ன விதம் எனக்கு நினைவிருக்கிறது. "நாற்காலி மேடம். உக்காந்து செய்யற வேல."

பாண்டிச்சேரி என்பதைப் புதுச்சேரி என்று மாற்றிய சமயம் அது. எல்லாக் கடைக்காரர்களும் பில் தலைப்பில் ஊர்ப் பெயரை மாற்றித் தரச் சொல்லி ஒரே நேரத்தில் நெருக்கினார்கள். அருள்நாதன் சார் வெளியே, மற்ற ஆள் விடுப்பில். அலுவலகத்தில் நான் மட்டும். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், மருந்துக்கடை முதலாளி வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

"காலைலேர்ந்து அப்பப்ப லாக் லாக்னு வருதும்மா. நாலு மணிக்கு கதிர்காமத்து கடைங்களுக்கு சரக்கு போவணும். அதுக்குள்ள சரி பண்ணி வச்சிடு. மோடம் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"உள்ள யாராவது இருக்காங்களா சார்?"

"யாரும் இல்லம்மா. ஷட்டர் போட்டாச்சு."

மோடம் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த பூட்டு ஒன்றுதான். பெயர் சேகர், மெஷின் நான்கு. விதிப்படி சேகரின் வீட்டுக்கு இன்னொரு லைனில் போன் போட்டேன்.

"நான் இப்பதான் மேடம் சோத்துல கை வெச்சேன். மெஷின்ல எங்க இருக்கேன்?"

"திறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"வந்திருப்பேன். எடுத்துடுங்க."

எடுப்பதற்கு முன்னால் நேரத்தைப் பார்த்தேன். பூட்டு விழுந்தது ஒன்று ஐம்பத்திரண்டுக்கு. ஷட்டர் இறங்கி ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து. அந்த எண்ணை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனால் கடிகாரம் தப்பாக ஓடும், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடையின் டெலிபோனுக்கு ஒருமுறை அடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அது மோடத்தில் இருந்தது. மோடத்தைத் துண்டித்து, அடித்து, மறுபடி இணைக்கப் பத்து நிமிடம் ஆகும். பூட்டை நீக்கினேன். பட்டியலைச் சுத்தம் செய்தேன். பில் தலைப்பில் புதுச்சேரி என்று மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் முடித்ததில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு மருந்துக்கடையிலிருந்து இருமல் மருந்துப் பெட்டி திரும்பி வந்தது. தேதி முடிந்த சரக்கு. அன்றைக்கே இன்னும் இரண்டு பெட்டிகள் வந்தன. நல்ல சரக்கெல்லாம் காலாவதி என்று காட்டியதால் அலமாரியிலேயே கிடந்தது. போனதையெல்லாம் ஆள் அனுப்பித் திரும்ப வாங்கினார்கள். யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை என்று முதலாளி சொன்னார். அதை நம்பவே விரும்புகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடை முழுக்க அவர் குரல்தான்.

"பெட்டி கட்டறவள கொண்டுபோயி கம்ப்யூட்டர்ல உக்கார வச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!"

பூங்காவனம் கையில் தேதி எழுதிய ஒரு கத்தைச் சீட்டுகளோடு நின்றார். ஒவ்வொரு சீட்டிலும் அடித்து முடித்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னக் கோடு.

"நான் சீட்ட பாத்துப் பாத்துதான்யா அடிச்சேன். சாப்பாட்டு நேரத்துலகூட எழுந்திரிக்கல. வில்லியனூர் போயிட்டு வர்றதுக்குள்ள நாலு ஆயிடும்னு தினம் இங்கயே இருந்து அடிச்சேன்."

"ஷட்டர் போட்டப்புறமா?" என்று நான் கேட்டேன்.

"ஆமா மேடம். பின்பக்கம் கதவு இருக்குல்ல. அய்யாவுக்குத் தெரியுமே."

முதலாளிக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது அவர் நினைவில் பூங்காவனம் வரவே இல்லை. என் நினைவிலும் வரவில்லை. அம்புக்குறி சொல்லிக்கொடுத்தவள் நான். சேகரின் பெயரில் அடிக்கிறவர் யார் என்று தெரிந்தவள். சேகரைக் கேட்டேனே தவிர, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூடியவரைக் கேட்கவில்லை.

நாலாம் மெஷினில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. பேட்டரி நன்றாக இருந்தது.

அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். 'இவங்க ஒழுங்காத்தான் அடிச்சாங்க, அடிச்சிக்கிட்டு இருக்கும்போதே நான்தான் பட்டியலை நகத்திட்டேன்.' வாய்வரை வந்தது. சுவரில் என் பெயருக்கு எதிரே காலியாக இருந்த இடமும், மீன் கடை வரிசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் விதமும் கண்ணில் வந்தன. "பாக்கறேன் சார், ரிப்போர்ட் எழுதித் தரேன்" என்றேன்.

ரப்போரில் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'பயனர் பிழை. பயிற்சி இல்லாத நபர் வேறொருவர் பாஸ்வேர்டில் பதிவு செய்துள்ளார்.' அருள்நாதன் சார் வழக்கம்போல நாலாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"பாஸ்வேர்ட் யாருது?"

"சேகரோடது சார்."

"அடிச்சது?"

"பெட்டி கட்டற அம்மா."

"எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டானுங்க" என்று கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதில் முதல் இரண்டு சொல் தவிர ஒன்றும் பொய் இல்லை. அப்படி எழுதத் தெரிந்ததும் படிப்பு கொடுத்ததுதான். ஒரு நகல் முதலாளிக்குப் போனது. அடுத்த வாரம் நான் போனபோது பெட்டி கட்ட வேறொரு பெண் இருந்தாள்.

ஏழெட்டு மாதம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் வேலை செய்துகொண்டுதான். ஒவ்வொரு மத்தியானமும் எங்காவது ஒரு பூட்டை நீக்கும்போது நேரத்தைப் பார்ப்பேன். பிறகு கடை முதலாளிக்குப் போன் அடித்து, "பின்பக்கம் யாராவது சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்களா, போய்ப் பாத்துட்டு வாங்க" என்பேன். வாடிக்கையாளர்கள் எரிந்து விழுந்தார்கள். ஒருநாள் அருள்நாதன் சார், "என்ன மத்மசேல், ஆட்டு மந்தைய எண்ற மாதிரி எண்றே?" என்று கேட்டார். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. பழைய ரப்போரைத் தேடி எடுத்து, என் முன்னால் வைத்து, தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "என்னையும் சேத்து எழுத வச்சிட்ட" என்றார். அதன் பிறகு என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். கடைசிவரை மத்மசேல் என்று சொல்லவே இல்லை.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம். வேற ஆள் போட்டாச்சு. நல்லாத்தான் ஓடுது. நீ மனசுல வச்சிக்காத." அவர் எழுந்து எனக்கு டீ சொல்லப் போனார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பூங்காவனத்தைக் கண்டுபிடித்தது அம்மா. நான் என்ன செய்தேன் என்பதை அம்மாவிடம் முழுதாகச் சொன்னேன். நாலு நாள் கழித்து மீன் கூடையை இறக்கிக்கொண்டே, "நீ சொன்னியே அந்தப் பொம்பள, நம்ம மார்க்கெட்டுலதான் இருக்குது. வெங்காய மண்டியில பொறுக்குது. போயி பாரு" என்றார். கூட வருகிறாயா என்று கேட்டேன். "நான் எதுக்கு? நீதான படிச்சவ" என்றார்.

மண்டியில் சாக்கு விரித்து ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து, அழுகிய வெங்காயத்தை ஒருபக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பூங்காவனம் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க மேடம். மார்க்கெட்டுக்கு வந்தீங்களா?"

"உங்களப் பாக்கத்தான் வந்தேன்க்கா."

பக்கத்தில் இருந்தவர், "யாருடி இது, ஆபீசரு?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர் மேடம்" என்றார் இவர், பெருமையாக. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். பூட்டு, வரி எண், சுத்தம், ஒன்று ஐம்பத்திரண்டு எல்லாவற்றையும். அவருக்குப் புரியாது என்று நினைத்துச் சுருக்கவில்லை. அவர் வெங்காயத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்வி: "நான் அடிச்சிக்கிட்டு இருக்கும்போதே வரி நகந்திடிச்சா?"

"ஆமாக்கா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்ப நான் தப்பா அடிக்கல."

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"சீட்ட வச்சி அப்புறமா நான் சரி பாத்தேன். ஒண்ணுகூட இல்ல."

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "வீட்டுல பொண்ணு போன் வச்சிருக்குது" என்றார் பிறகு. "அது அடிச்சா நான் எடுக்கறதில்ல. என் கை பட்டா எதுனா கெட்டுப்பூடும்னு. அதுங்கூட சிரிக்கும், என்னாம்மா ஒரு போனுக்கு இப்படி பயப்படறேன்னு. இத்தினி நாளா என் கைதான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"இத எழுதிக் குடு" என்றார். அதுவரை 'வாங்க மேடம்' என்றவர் 'குடு' என்றது எனக்குக் கேட்டது. "எம் பொண்ணு படிக்கட்டும்."

கைப்பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினேன். மருந்துத் தேதிகளைப் பூங்காவனம் சரியாகவே பதிவு செய்தார் என்றும், நான் தவறுதலாகச் செய்த வேலையால் அவை மாறிவிட்டன என்றும், என் தவறுதலான அறிக்கையால் அவர் வேலை இழந்தார் என்றும். பெயர் எழுதி, பதவி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். உதடு அசைய, விரல் வைத்துப் படித்தார். ஒருமுறை முடித்து, மறுபடியும் மேலே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"தவறுதலான்னா என்னா, தெரியாமயா?"

"ஆமாக்கா."

"மொதல்ல பண்ணது தெரியாமதான். அத வுடு. அப்புறம் எழுதிக் குடுத்தியே, அதுவும் தெரியாமயா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் பொறுக்குவதை நிறுத்தியிருந்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் தாளையும் சாக்கில் நான் வைத்திருந்த பேனாவையும் என் கையில் கொடுத்தார். அறிக்கைக்கு முன்னால் இருந்த அந்தச் சொல்லை அடித்து, மேலே 'தெரிந்தே எழுதிய' என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு முறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.